பிசிஓஎஸ் இருப்பவர்கள் சத்து மாத்திரை தொடங்கும் முன்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

போன தை மாதம் சித்தி மகள் ஒரு மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தாள். பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்ததும் ஒன்பது மாத்திரை அட்டைகள், ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா, முடிக்கென்று வாங்கிய கம்மி (மெல்லும் ஜெல்லி) மிட்டாய் ஒரு புட்டி எல்லாம் வந்து விழுந்தன. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு) என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "இவ்வளவு போட்டும் அசதி போகலையேக்கா" என்றாள். ஒவ்வொரு அட்டையாக எடுத்து நோட்டில் எழுதிப் பார்த்தோம். வைட்டமின் டி மட்டும் நான்கு இடத்தில் இருந்தது. அவளுக்கு உண்மையில் குறைந்திருந்த பி12 ஓர் இடத்திலும் இல்லை.

எனக்கும் பிசிஓஎஸ் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பதினொரு வருடமாக எடுக்கிறேன். வீட்டிலும் ஆபீசிலுமாக ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து இப்படி அட்டைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: மாத்திரையை முதலில் தொடங்கிவிடுகிறார்கள், பரிசோதனைக்கு அதன் பிறகுதான் போகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வைட்டமினும் பிசிஓஎஸ்ஸைக் குணமாக்காது. உடம்பில் குறைந்திருக்கும் சத்தை நிரப்பும், அவ்வளவுதான். சாப்பாடு, நடை, தூக்கம், டாக்டர் எழுதிய மருந்து, இவற்றின் இடத்தில் சத்து மாத்திரையை வைக்க முடியாது. நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சரியான தகவலோடு போகவும், எழுதிக் கொடுத்ததை வீணாக்காமல் சாப்பிடவும் இந்த வழிகாட்டி உதவும்.

கையில் இருக்க வேண்டியவை

கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளும் பவுடர்களும், ஒரு நோட்டு. கூடவே, பீரியட்ஸ் வந்த தேதிகள் ஆறு மாதத்துக்கு. நினைவில் இல்லையென்றால் போன் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். ஊருக்குப் போனது, கல்யாணத்துக்குப் போனது என்று ஏதாவது ஒன்று ஞாபகப்படுத்தும். இந்தத் தேதிகள் எதற்கு என்பது இரும்புச் சத்துப் பகுதியில் புரியும்.

அப்புறம், மூன்று மாதப் பொறுமை. இதில் எதற்கும் இரண்டு வாரத்தில் பலன் சொல்ல முடியாது.

1. எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி எழுதுங்கள்

அட்டையின் முன்பக்கப் பெயரை நம்ப வேண்டாம். "பெண்களுக்கான", "ஹார்மோன் சமநிலை", "முடி வளர" என்று பெயர் வேறு வேறாக இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஏழெட்டுச் சத்துகள்தான். பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு சத்தின் பெயரையும் அளவையும் நோட்டில் எழுதுங்கள். கம்மி, பவுடர், தண்ணீரில் கரைக்கும் மாத்திரை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரே சத்து எத்தனை முறை வருகிறது என்று வட்டம் போடுங்கள். கால்சியம் மாத்திரைக்குள் வைட்டமின் டி இருக்கும். இரும்பு மாத்திரைக்குள் ஃபோலிக் ஆசிட் இருக்கும். நரம்புக்கென்று கொடுக்கும் பி12 மாத்திரைக்குள் பி6 இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியான அளவுதான். கூட்டினால்தான் விஷயம் தெரியும்.

இந்த வேலையில் புதியவர்கள் தவறவிடும் இடங்கள் மூன்று.

முதலாவது, உப்பின் எடையும் சத்தின் எடையும் வேறு. கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500 மி.கி.தான். இரும்பிலும் இதே கதைதான். "இத்தனை மி.கி. எலிமென்டல் அயர்னுக்குச் சமம்" என்று எழுதியிருக்கும் எண்ணைத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, வைட்டமின் டியின் அளவைச் சில அட்டைகளில் ஐயூ (சர்வதேச அலகு) என்றும் சிலவற்றில் மைக்ரோகிராம் என்றும் போடுவார்கள். 1 மைக்ரோகிராம் என்றால் 40 ஐயூ. 25 மைக்ரோகிராம் கொஞ்சம் போலத் தெரியும்; அது 1000 ஐயூ.

மூன்றாவதுதான் கவலை தருவது. மெட்ஃபார்மினும், பிசிஓஎஸ்ஸுக்கென்று விற்கும் இனோசிட்டால் என்ற சத்துப் பொருளும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே கடைகளில் வருகின்றன. அதை வெறும் சத்து மாத்திரை என்று நினைத்து, தனியாக மெட்ஃபார்மினும் போட்டால் மருந்தின் அளவு ஏறிவிடும். இனோசிட்டால் அட்டையின் பின்பக்கத்தை எழுத்து விடாமல் படியுங்கள்.

2. பயோட்டினை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை என்பதால் தனிப் படியாகவே வைக்கிறேன்.

பிசிஓஎஸ்ஸில் தலைமுடி மெலிவது சகஜம். அதனால் நம்மில் பலர் பயோட்டின் என்ற பி வைட்டமினை எடுக்கிறோம். முடிக்கான மாத்திரைகளில் 5 அல்லது 10 மி.கி. வரை இருக்கும், உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 30 முதல் 40 மைக்ரோகிராம்தான். மிச்சம் ரத்தத்தில் சுற்றும். பல லேப் கருவிகள் ஹார்மோன் அளவைக் கண்டுபிடிக்கப் பயோட்டினையே ஒரு பசை போலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலும் அது நிறைய இருந்தால் கருவி ஏமாந்துவிடும். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் காட்டலாம். டெஸ்டோஸ்டிரோன் அளவும் பிசகலாம். பிசிஓஎஸ்ஸுக்கு முக்கியமான பரிசோதனைகளே இவைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

எனக்கே இது நடந்தது. டிஎஸ்ஹெச் திடீரென்று தரைதட்டி வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று சொல்லி மருந்து தொடங்க இருந்தார்கள். ஒரு வாரம் முடி மாத்திரையை நிறுத்தி மறுபடி எடுத்தபோது எல்லாம் வழக்கம்போல் இருந்தது. அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை.

குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு அதிகம் என்றால் எத்தனை நாள் என்று லேப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பவரிடம் "பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3. எந்தப் பரிசோதனை, எதற்காக

"முழு உடல் பேக்கேஜ்" என்று எழுபது எண்பது பரிசோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சத்து மாத்திரை பற்றி முடிவெடுக்க இவை போதும் என்பது என் அனுபவம்: முழு ரத்த எண்ணிக்கை, பெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்பு இருப்பு), பி12, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, டிஎஸ்ஹெச், கிரியேட்டினின், சர்க்கரை.

கிரியேட்டினின் எதற்கு என்று கேட்பார்கள். மக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றை வெளியேற்றுவது சிறுநீரகம். அதன் நிலை தெரியாமல் தாது உப்புகளை உள்ளே தள்ளக்கூடாது.

சர்க்கரையில், வெறும் வயிற்று அளவு மட்டும் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடாதீர்கள். பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், வெறும் வயிற்றில் சரியாக இருந்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிலருக்கு எகிறும். அந்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல், சளி, தொற்று இருக்கும்போது பெரிட்டின் எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் பெரிட்டின் தானாக ஏறி, இரும்பு நிறைய இருப்பதுபோல் காட்டும். அதேபோல் பி12 ஊசி போட்ட மறுவாரம் பி12 பார்ப்பதும் வீண் செலவு. ஊசியில் போனதுதான் ரிப்போர்ட்டில் வரும்.

4. ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு ஒத்துப்பாருங்கள்

சத்து மாத்திரையை மருந்தாக நாம் எண்ணுவதில்லை. அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. ஆனால் பிசிஓஎஸ்ஸுக்கு எழுதும் மருந்துகள் பலவற்றோடு இவை உரசும்.

மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அளவு கூடக் கூட, வருடம் ஏற ஏற, இந்தக் குறைவும் கூடும். வயிற்று எரிச்சலுக்கென்று பான்டோபிரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் சேர்த்து எடுப்பவர்களுக்கு இரட்டைச் சிக்கல், ஏனென்றால் அதுவும் பி12-ஐக் குறைக்கும்.

தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் எடுத்தால் இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராக்சின் குடலிலேயே அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகாது. டிஎஸ்ஹெச் ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், காரணம் கடைசிவரை தெரியாது.

முகத்தில் முடி வளர்வதற்கு ஸ்பைரனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியம் உடம்பில் தங்கும். பொட்டாசியம் சேர்ந்த சத்து மாத்திரை வேண்டாம். "குறைந்த சோடியம்" என்று விற்கும் சமையல் உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. தினமும் இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுத்தால் வைட்டமின் ஏ இருக்கும் எதையும் சேர்க்கக்கூடாது. அந்த மருந்தே வைட்டமின் ஏ குடும்பம்தான். மல்டிவைட்டமின் அட்டையில் ரெட்டினால் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எடை குறைய ஆர்லிஸ்டாட் எடுப்பவர்களுக்குக் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கழிவோடு போய்விடும். அவற்றை அந்த மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இரவு படுக்கும்போது போடச் சொல்வார்கள்.

5. பி12: முதலில் கவனிக்க வேண்டியது

என்னைக் கேட்டால், மெட்ஃபார்மின் எடுக்கும் பெண்ணுக்கு எல்லாச் சத்துகளிலும் முதல் இடம் இதற்குத்தான். அசைவம் சாப்பிடாதவர் என்றால் இன்னும் அவசரம்.

பொதுவாக ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழ் போனால் குறைவு. 200-லிருந்து 300 வரை சந்தேக வட்டம். லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சடித்திருந்தாலும் கை கால் மரத்துப்போதல், பாதத்தில் எரிச்சல், நாக்கு சிவந்து புண்ணாதல், மறதி, படியேறினால் மூச்சு வாங்குதல் இவை இருந்தால் அந்த எண்ணை டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும். இரும்பு குறைந்தால் சிறிதாகும். நம் பெண்கள் பலருக்கு இரண்டும் ஒன்றாகக் குறைந்திருக்கும். அப்போது சராசரி அளவு சரியாக இருப்பதுபோலவே ரிப்போர்ட் காட்டும். அணுவின் அளவை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது என்பதால்தான் பெரிட்டினையும் பி12-ஐயும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன்.

பி12 உணவில் வருவது பால், தயிர், முட்டை, மீன், ஈரல், கறி வழியாக. பழைய சோற்றையோ ஸ்பைருலினாவையோ நம்பிக் குறைவை அப்படியே விடாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். பழைய சோறு நல்ல உணவு, சாப்பிடுங்கள். இந்தக் குறைவுக்கு அது மருந்தாகாது.

வாய்வழி மாத்திரை பெரும்பாலானோருக்குப் போதும். 1000 அல்லது 1500 மைக்ரோகிராம் மாத்திரையை டாக்டர் எழுதுவார். அளவு பெரிதாகத் தெரிந்தாலும் குடல் அதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். நரம்புக் கோளாறு தொடங்கிவிட்டவர்களுக்கு ஊசி. "பி12 குறைகிறதே" என்று பயந்து மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12-ஐ நிரப்பிக்கொண்டே மெட்ஃபார்மினைத் தொடரலாம். நான் அப்படித்தான் தொடர்கிறேன்.

பி6 சேர்ந்த கூட்டு மாத்திரைகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே கை காலை மரத்துப்போக வைக்கும். மரத்துப்போவது தீரவில்லை என்று இன்னொரு நரம்பு மாத்திரை சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் பி6 இருந்தது. படி 1-ல் கூட்டிப் பார்க்கச் சொன்னதன் காரணங்களில் இது ஒன்று.

6. வைட்டமின் டி: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

பிசிஓஎஸ் உள்ளவர்களில் வைட்டமின் டி குறைந்திருப்பது மிகச் சாதாரணம். ஒரு மில்லியில் 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு. பல லேப்கள் 30-க்குக் கீழ் இருந்தாலே சிவப்பு எழுத்தில் அடிக்கின்றன. 26 என்று வந்ததற்கு அழத் தேவையில்லை.

நம் ஊரில் வழக்கமாக எழுதுவது 60,000 ஐயூ, வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். அப்புறம் மாதம் ஒன்று அல்லது தினமும் சிறிய அளவு. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவர் நாலு மாத்திரை அட்டையை நாலே நாளில் முடித்துவிட்டு, "இன்னொரு அட்டை வாங்கட்டுமா?" என்று கேட்டார். மற்ற மாத்திரைகளைப் போல இதுவும் தினமும் ஒன்று என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, அன்றே டாக்டரிடம் பேசினோம்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடக்க முடியாத தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் இவை அதன் அடையாளம். சிறுநீரகம் வரை பாதிக்கும்.

அதனால் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் மறக்காது, நல்லெண்ணெயோ மீன் குழம்போ ஏதோ ஒரு கொழுப்பும் தட்டில் இருக்கும். அட்டையில் ஒவ்வொரு குழிக்கு மேலும் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். இந்தச் சின்ன வேலை எத்தனையோ தவறுகளைத் தடுத்திருக்கிறது.

டி நிரம்பினால் பீரியட்ஸ் ஒழுங்காகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். குறைவை நிரப்புவது எலும்புக்கும் தசைக்கும் அவசியம். அதற்காகவே போடலாம்.

7. இரும்பு: பீரியட்ஸ் தேதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

"பொண்ணுன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும், ஒரு இரும்பு மாத்திரை போடு" என்று வீட்டில் சொல்வார்கள். பிசிஓஎஸ்ஸில் இது எல்லோருக்கும் பொருந்தாது. வருடத்தில் நான்கு முறை மட்டும் பீரியட்ஸ் வருபவருக்கு ரத்த இழப்பும் குறைவு. இரும்பு சரியாகவே இருக்கலாம். மூன்று மாதம் வராமல் இருந்து, பிறகு பதினைந்து நாள் கொட்டித் தீர்க்கிறவருக்கு இரும்பு அடிமட்டத்தில் இருக்கும். தேதிகளை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் என்றால் ரத்தசோகை. வேறு நோய் இல்லாதவருக்குப் பெரிட்டின் 15-க்குக் கீழ் போனால் இரும்பு இருப்பு தீர்ந்துவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அழற்சியோ தொற்றோ இருப்பவருக்கு இந்த எல்லை 70. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் தரையில் இருந்தால் அசதியும் முடி கொட்டுவதும் இருக்கலாம்.

தேவைப்பட்டால் போடும் முறை இப்படி. காபி, டீ குடித்து இரண்டு மணி நேரம் கழியட்டும். மாத்திரைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் அவை வேண்டாம். காலை ஃபில்டர் காபியோடு இரும்பு மாத்திரையை விழுங்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பது. காபி, டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பாலும் கால்சியமும்கூடத் தடுக்கும். அதற்குப் பதில் சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காய் நல்லது. வைட்டமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோகும்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு படுத்தினால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தினமும் போடும்போது, முதல் நாள் மாத்திரைக்கு எதிர்வினையாக ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி மறுநாள் இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும். ஒருநாள் இடைவெளி கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் பங்கு கூடுகிறது. ஹீமோகுளோபின் ஏறியவுடன் விட்டுவிடாதீர்கள். இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

இரும்பு போட்டு ரத்தத்தை ஏற்றிக்கொண்டே, அளவுக்கு மீறிய உதிரப்போக்கைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் பீரியட்ஸ் வராமல் போவது அடிக்கடி நடந்தால் கருப்பையின் உள்வரி தடித்துக்கொண்டே போகும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, சத்து மாத்திரையால் அது சரியாகாது. முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.

8. ஃபோலிக் ஆசிட்: குழந்தைக்குத் திட்டமிட்டால்

கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவது, கர்ப்பம் என்றே தெரியாத ஆரம்ப வாரங்களில் என்பதால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். பிசிஓஎஸ்ஸில் பீரியட்ஸ் தள்ளிப்போவது பழகிப்போனதால் கர்ப்பம் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவரும். அதனால் நமக்கு இது இன்னும் முக்கியம்.

சர்க்கரை நோய், அதிக எடை, வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இவை இருந்தால் 5 மி.கி. எழுதலாம். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் 5 மி.கி. போட வேண்டியதில்லை. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட்டை மட்டும் அதிகமாகப் போட்டால் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் தொடரும். அதனால்தான் பி12-ஐ முன்னால் வைத்தேன்.

9. இனோசிட்டால்: எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள்

இது வைட்டமினும் இல்லை, தாதுவும் இல்லை. ஒரு காலத்தில் பி வைட்டமின் வரிசையில் சேர்த்துப் பேசினார்கள். பிசிஓஎஸ் என்றால் முதலில் கடைக்காரர் எடுத்து நீட்டுவது இதைத்தான் என்பதால் சொல்லியாக வேண்டும்.

2023-ல் வந்த பன்னாட்டு பிசிஓஎஸ் வழிகாட்டுதல் இதைப் பற்றிச் சொல்வது இது: விருப்பப்பட்டால் எடுக்கலாம், தீங்கு குறைவு, உடம்பின் சர்க்கரைக் கணக்கில் கொஞ்சம் உதவலாம், ஆனால் கருமுட்டை வெளிவருவது, தேவையற்ற முடி, எடை இவற்றில் தெளிவான பலனுக்கு ஆதாரம் குறைவு. தேவையற்ற முடியைக் குறைக்கவும் வயிற்றுச் சதையைக் குறைக்கவும் இனோசிட்டாலைவிட மெட்ஃபார்மினைத்தான் அது முன்னால் வைக்கிறது.

ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்திய அளவு மயோ-இனோசிட்டால் நாளுக்கு 4 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. டி-கைரோ என்ற அதன் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தால் நாற்பதுக்கு ஒன்று என்ற விகிதம். உங்கள் மாத்திரையில் 550 மி.கி. இருந்து நாளுக்கு இரண்டு போட்டால் சுமார் 1.1 கிராம்தான் ஆகிறது. இந்தக் கணக்கைப் போடாமலேயே "ஒரு வருடம் எடுத்தேன், ஒன்றும் ஆகலை" என்பவர்கள் நிறைய. மாதம் எவ்வளவு செலவாகும் என்றும் முன்பே கூட்டிப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் முயன்றும் வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பணத்தை முட்டைக்கும் பயறுக்கும் செலவு செய்யலாம் என்பேன்.

10. மற்றவை

துத்தநாகம், மக்னீசியம், செலினியம், குரோமியம் இவற்றுக்கு பிசிஓஎஸ்ஸில் உறுதியான ஆதாரம் இன்னும் போதாது. எள், பூசணி விதை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, கம்பு, கீரை இவை தினசரித் தட்டில் இருந்தால் துத்தநாகமும் மக்னீசியமும் அதிலேயே கணிசமாக வரும். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் மாவில் சுமார் 350 மி.கி. பாலும் தயிரும் கேழ்வரகும் ஒழுங்காகச் சாப்பிடுபவருக்குக் கால்சியம் மாத்திரை தேவைப்படாமலே போகலாம்.

முடி கொட்டுகிறது என்று செலினியமும் வைட்டமின் ஏ-வும் சேர்ந்த மாத்திரைகளை இரண்டு மூன்றாக அடுக்காதீர்கள். இரண்டுமே அளவு மீறினால் முடியைக் கொட்டவைக்கும். துத்தநாகத்தை நாளுக்கு 40 மி.கி.-க்கு மேல் மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் செம்பு குறையும். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிக அளவில் எடுக்கவே கூடாது, கருவைப் பாதிக்கும்.

11. ஒரு நாளின் நேர வரிசை

எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியாக விழுங்கினால் பாதி வீண். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. உங்களுக்கு எழுதியதை மட்டும் இந்த நேரங்களில் பொருத்திக்கொள்ளுங்கள்.

எழுந்ததும் ஆறு மணிக்குத் தைராக்சின், வெறும் தண்ணீரில். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. எட்டரைக்கு இட்லியோ தோசையோ சாப்பிட்டதும் மெட்ஃபார்மின், அதோடு பி12. பதினொரு மணிக்கு இரும்பு. இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம். கால்சியம் கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான். ஞாயிறு என்றால் அதே வேளையில் வைட்டமின் டி. இரவு உணவோடு இரண்டாவது மெட்ஃபார்மின் இருந்தால் அது.

பதினொரு மணி ஆபீசில் டீ நேரம் என்றால் இரும்பை மாலை ஐந்துக்கு மாற்றுங்கள். உங்கள் நாளுக்குப் பொருந்தாத அட்டவணை ஒரு வாரம்கூடத் தாங்காது.

12. ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள், மூன்றாம் மாதம் மறுபடி பாருங்கள்

ஒரே நாளில் நான்கைத் தொடங்கி மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் எதனால் என்று சொல்ல முடியாது. ஒன்றைத் தொடங்கி ஒரு வாரம் கழித்து அடுத்தது. நோட்டில் தொடங்கிய தேதி, உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி. சித்தி மகள் அப்படி எழுதியதால்தான் மக்னீசியம் தொடங்கிய மூன்றாம் நாளே வயிற்றுப்போக்குக்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தோம்.

மூன்று மாதம் முடிந்ததும் எது குறைந்திருந்ததோ அதை மட்டும் மறுபடி பரிசோதியுங்கள். நிரம்பிவிட்டால் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. மெட்ஃபார்மின் தொடர்பவர்கள் மட்டும் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பி12 பார்க்க வேண்டும் என்று கேட்டு அதை விடாமல் செய்யுங்கள். நான் வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாள் மாதத்தில் எடுத்துவிடுவேன்.

மீந்துபோன அட்டைகளை, பிசிஓஎஸ் இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு பெண்ணிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள். அவருடைய ரிப்போர்ட் வேறு, மருந்து வேறு. அவரும் படி 1-லிருந்து வரட்டும். மேசையைத் துடைத்து வைத்துவிட்டு அவரோடு உட்காருங்கள்.